டெல்டாவில் வரைபடம் போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போனில் ஜிபிஎஸ் ட்ராக்கை (போகிற வழியின் பதிவை) ஓடவிட்டுக்கொண்டு கும்பகோணத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் பைக்கில் சுற்றுகிறவர்கள், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து கோடு இழுக்கிறவர்கள், நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூலை ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டில் மாட்டி மொட்டைமாடியில் சாட்டிலைட்டுக்குக் காத்திருக்கிறவர்கள், வரைபடத்தில் ஊர்ப் பெயர் தப்பாக இருந்தால் தூக்கம் வராதவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

கேட்பது ஒன்றுதான். டீக்கடை, ஏடிஎம், செல்போன் கடை எல்லாம் நிறையப் போட்டாயிற்று. கொஞ்ச காலம் வாய்க்காலுக்கு வாருங்கள்.

நம் பக்கத்தில் ஊரைப் பிரிப்பதும் சேர்ப்பதும் தண்ணீர்தான், சாலை அதற்கப்புறம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நாலாகப் போகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அந்தப் பக்கம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். இவற்றிலிருந்து கிளைக்குக் கிளை ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்துக் கூப்பிடும் வாய்க்கால்கள். வரைபடத்தில் பெரிய ஆறுகள் ஒழுங்காக நீலமாக இருக்கின்றன. நான் பார்த்த வரையில் ஏ வாய்க்கால் பாதி இருக்கும், பி எங்காவது துண்டு துண்டாகத் தெரியும், சி, டி பெரும்பாலும் கிடையாது. கடைமடை விவசாயிக்கு எது முக்கியமோ அதுதான் இல்லை.

இது விவசாயிக்கு மட்டுமான விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் தினமும் பார்க்கிற பல வழிகாட்டிக் கோளாறுகள் இங்கிருந்துதான் வருகின்றன. ‘அருகில் உள்ளது’ என்று தேடினால் ஆகாய தூரத்தில் அளந்து எதிர்க்கரை ஊரைக் காட்டும். கூப்பிடு தூரம்தான், ஆள் நிற்பதுகூடத் தெரியும். ஆனால் பாலம் இருக்கும் இடம் வரை போய்ச் சுற்றி வர மூணு நாலு கிலோமீட்டர். ஆற்றங்கரை மண்பாதையைச் சாலை என்று யாரோ போட்டிருப்பார்கள், மழைக்காலத்தில் கார் அதில் இறங்கிவிடும். அறுவடை நேரத்தில் இன்னும் வேடிக்கை. வெளி மாவட்டத்திலிருந்து பெல்ட் மிஷினை (நெல் அறுவடை இயந்திரத்தை) லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு வாட்ஸப்பில் லொகேஷன் போகிறது. அவரும் சரியாகத்தான் வருகிறார், தப்பான கரையில். நடுவில் இருக்கும் மதகுப் பாலம் லாரியைத் தாங்காது என்று வரைபடத்துக்குத் தெரியாது. பாலத்தின் அகலம், தாங்கும் எடை இரண்டுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடம் இருக்கிறது. நாம்தான் நிரப்புவதில்லை.

சரி, வாய்க்காலை எப்படி வரைவது? சாட்டிலைட் படத்தைப் பார்த்து வீட்டிலிருந்தே இழுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பிங், எஸ்ரி படங்களின் மேல் வரைய அனுமதியும் இருக்கிறது. ஆனால் டெல்டாவில் அந்தப் படம் மூன்று விதமாக ஏமாற்றும்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிற அணை. பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் எடுத்த படமாக இருந்தால் வாய்க்கால் காய்ந்து, வண்டித்தடம் போலவே தெரியும். அதைப் பாதை என்று வரைந்தவர்கள் உண்டு. மற்ற மாதத்துப் படமாக இருந்தால் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மூடி, வயலோடு வயலாகப் பச்சையாகக் கிடக்கும். மூன்றாவதுதான் பெரிய சிக்கல். பாசன வாய்க்காலும் வடிகாலும் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி கோடுதான். ஒன்று தண்ணீர் கொண்டுவருகிறது, இன்னொன்று கொண்டுபோகிறது. இதிலும் ஒரு கூத்து, மேலே இருக்கிறவருக்கு வடிகாலாக இருப்பதே கீழே இருக்கிறவருக்குப் பாசனமாகிவிடும். வேலை செய்யும் முறையே அப்படித்தான் நம் டெல்டாவில்.

வாய்க்கால் கோட்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தண்ணீர் ஓடும் திசையில்தான் வரைய வேண்டும். அது விதி. திசையை மாற்றி வரைந்தால், பின்னாளில் யாராவது ‘இந்த மதகை மூடினால் எந்த ஊருக்குத் தண்ணீர் நிற்கும்’ என்று கணக்குப் போடும்போது எல்லாம் தலைகீழாக வரும். திசையை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் உயரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நம்மில் நிறையப் பேர் நம்புகிறோம். முடியாது. தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 60 மீட்டர். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை 75 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லை, கீழே போகப் போக இன்னும் தட்டை. நல்ல திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் கிடைமட்டத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். உயரத்தில் அதைவிட மோசம். அரை மீட்டர் சரிவை அது எப்படிச் சொல்லும்?

உயரம் பற்றிப் பேச்சு வந்ததால் மாட்யூல் வைத்து விளையாடுகிறவர்களுக்கு ஒரு சேதி. நாகப்பட்டினம் கடற்கரையில் நின்று பார்த்தால் சில செயலிகள் கழித்தல் 90 மீட்டர் என்று காட்டும். பதறி மாட்யூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது சரியாகத்தான் சொல்கிறது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு வழவழப்பான நீள்வட்ட உருண்டையிலிருந்து. உண்மையான கடல்மட்டம் புவியீர்ப்புக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 100 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது. நாம் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மாட்யூல் அனுப்பும் தரவில் ஜிஜிஏ என்று தொடங்கும் வரியில் கடல்மட்ட உயரமும் இந்த வித்தியாசமும் தனித்தனியாக வரும், இரண்டையும் பாருங்கள். திருத்தத் தரவு வாங்கிக்கொண்டு அளக்கும் ஆர்டிகே கருவி வைத்திருக்கும் பாக்கியசாலிகள் சிலர் இருக்கிறீர்கள். நம்மிடம் இருப்பவற்றில் சென்டிமீட்டர் கணக்கில் வருவது அது மட்டும்தான். நீங்கள் மதகுகளின் அடிமட்டத்தை எடுத்தால் புண்ணியமாகப் போகும்.

மற்றவர்கள் திசையைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, கேட்பது. மண்வெட்டியோடு வரப்பில் நிற்கிறவரைக் கேளுங்கள், அல்லது ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கரைக் கேளுங்கள். எந்த மதகிலிருந்து எந்த ஊர், எத்தனை நாள் முறை, எந்த வாய்க்கால் தூர்ந்துபோய் இப்போது பெயருக்கு மட்டும் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. சில மதகுகளில் பெயரும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) ஏக்கரும் எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை ஊரில் சொல்கிறபடி தமிழிலேயே பதியுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாய்க்காலுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் போடுங்கள். எது சரி என்று பஞ்சாயத்து பண்ணுவது நம் வேலை இல்லை.

தட்டை நிலத்தில் அளக்கிற கஷ்டம் புதிதும் இல்லை. 1802-இல் சென்னையில் தொடங்கிய பெரிய முக்கோண அளவைக்காக வெள்ளைக்கார அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்தப் பக்கம் வந்தபோது ஏறி நின்று பார்க்க ஒரு மலை கிடையாது, தென்னையும் பனையும் மறைக்கும். கோயில் கோபுரங்களைத்தான் பிடித்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி அதன் வட்டமே நெளிந்துவிட்டது. மனுஷர் விடவில்லை, தானே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தி மறுபடி வேலையைத் தொடர்ந்தார். பெரிய கோயிலுக்குப் போய் செல்பி எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதே இடத்தில் நம் சட்டைப்பையில் இருக்கிற கருவிக்கு மரமும் மறைப்பதில்லை என்று சொல்ல ஆசைதான். மூங்கில் தோப்புக்குள் போய்ப் பாருங்கள், ட்ராக் எப்படிக் கோணுகிறது என்று.

அந்தக் கோணலால் காசு விஷயத்திலும் வம்பு வருகிறது. வயலைச் சுற்றி நடந்தால் பரப்பளவு சொல்லும் செயலிகளை இப்போது எல்லோரும் வைத்திருக்கிறார்கள். மா கணக்கில் கூலி பேசுகிற வேலைகளுக்கு அதைக் காட்டிச் சண்டையும் நடக்கிறது. ஒரு மா என்பது 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட். சதுரமாக இருந்தால் பக்கம் 36 மீட்டர் சொச்சம். ஒரே ஒரு வரப்பில் கோடு 3 மீட்டர் தள்ளிப் போனால் 8 குழி கூடும் அல்லது குறையும். ஒரு வேலி (20 மா) நிலத்தை மொத்தமாக அளந்தால் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது, சின்னத் துண்டில்தான் கடிக்கும். விவரம் தெரிந்த நீங்கள் பக்கத்தில் இருந்தால், மூலைக்கு மூலை கொஞ்ச நேரம் நின்று புள்ளி எடுக்கச் சொல்லுங்கள். எட்டு தசம இலக்கத்தோடு ஆயத்தொலைவைக் காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஐந்தாவது இலக்கமே ஒரு மீட்டர்தான், அதற்கு மேல் இருப்பதெல்லாம் போன் அடிக்கிற பந்தா. பட்டா, புலப்படத் தகராறுக்கு இந்த அளவு செல்லாது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி செய்யலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு புவியிடத் தரவு விதிகளைத் தளர்த்திய பிறகு, இந்தியக் குடிமக்கள் முன் அனுமதி இல்லாமல் இடத் தரவு சேகரிக்கலாம், வெளியிடலாம். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. ட்ரோனுக்கு வேறு விதிகள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அந்தப் பக்கம் ட்ரோனோடு போய் வம்பில் மாட்டாதீர்கள். இன்னொன்று, கூகுள் மேப்பில் இருக்கிற பெயரையோ கோட்டையோ பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் காப்பியடிக்கவே கூடாது. உரிமம் அனுமதிக்காது. அப்படிப் போட்டதை மற்றவர்கள் மொத்தமாக அழிக்க நேர்ந்தால் உங்கள் சொந்த உழைப்பும் சேர்ந்து போகும்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்தை எடுத்து வெள்ள வரைபடம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேகத்தைத் தாண்டி அது பார்க்கும், இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் தண்ணீர் தேங்கிய இடம் எல்லாம் கறுப்பாகத் தெரிவதால், சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டின வயலும் வெள்ளம் மூழ்கடித்த வயலும் ஒன்றுபோல இருக்கும். மழைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிடாமல் ‘டெல்டா மூழ்கியது’ என்று குழுவில் போட்டுப் பயமுறுத்தாதீர்கள். மழைக்கு முன்னால் வடிகால் எங்கே இருக்கிறது என்று வரைந்து வைத்திருந்தால், எங்கே அடைத்துக்கொண்டது என்பதை அந்தப் படத்தை வைத்துக்கொண்டே ஊகிக்கலாம். இப்போது அடைப்பு தெரிவது, பயிர் அழுகின பிறகுதான்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். உங்கள் ஊர் மதகில் ஆரம்பியுங்கள். வாய்க்காலின் கரையோடு நடந்து ட்ராக் எடுங்கள், ஒவ்வொரு ஷட்டரிலும் குழாய்ப் பாலத்திலும் ஒரு புள்ளி. கரையில் பைக் போகும், ஆனால் நடந்தால்தான் உடைப்பும் ஆக்கிரமிப்பும் கண்ணில் படும். கடைசியில் அது எந்த வாய்க்காலில், எந்த வடிகாலில், எந்த உப்பனாற்றில் போய் விழுகிறது என்பது வரை போங்கள். மே மாதம் முடிவதற்குள் நடந்தால் தரை தெரியும். தூர்வாரும் பொக்லைன் இறங்கும் சமயமும் அதுதான். எங்கே தூர்வாரினார்கள், எங்கே விட்டுவிட்டார்கள் என்பதையும் தேதியோடு குறித்துக்கொள்ளலாம். தண்ணீர் வந்த பிறகு அதே இடத்துக்கு ஒரு முறை போய்த் திசையைச் சரிபார்த்துவிடுங்கள்.

பருவத்தில் மட்டும் ஓடுகிற வாய்க்காலை எப்படிக் குறிப்பது, கதவு இல்லாத கல் மதகுக்கு எந்த டேக் (வகைக் குறிச்சொல்) என்று நமக்குள் பழைய சண்டைகள் பாக்கி இருக்கின்றன. அவற்றைக் கோடுகள் வந்த பிறகு சாவகாசமாகப் போட்டுக்கொள்வோம்.

அன்புடன்,
நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவன்