'தேவையான அளவு' என்பது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் 'கோடைச் சிக்கனம்' என்ற தலைப்பில் கூழ் வடாம், ஜவ்வரிசி வடாம், கடலை உருண்டை, மோர் மிளகாய், பழைய துணியில் கைவேலை என்று முழுப் பக்கம் வந்திருந்தது. வரவேற்க வேண்டிய பக்கம்தான். ஆனால் அந்த ஒரே பக்கத்தில் 'தேவையான அளவு' என்பது பதினோரு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் தேவையான அளவு, உப்பு தேவையான அளவு, வெல்லம் தேவையான அளவு. கைப்பழக்கம் உள்ளவருக்குக் குறிப்பே வேண்டாம். பழக்கம் இல்லாதவர் கேட்பதே அந்த அளவைத்தான். முதல் தடவை வடாம் பொரியாமல் கல்லாகக் கிடந்தால் அவர் மறு வருஷம் மாடி ஏற மாட்டார், கடைக்குத்தான் போவார். மாடியில் வெயில் சும்மா காய்ந்துகொண்டிருக்கும்.

முதலில் கூழ் வடாம். 'பச்சரிசி நான்கு டம்ளர்' என்று போட்டிருக்கிறீர்கள். அரிசியை அளந்தா, அரைத்த மாவை அளந்தா? ஒரு டம்ளர் அரிசி அரைத்து வந்தால் ஒன்றேகால் டம்ளருக்குக் குறையாமல் மாவு வரும். அரிசியை அளந்துவிட்டு மாவுக்கு உரிய தண்ணீரை வைத்தால் கூழ் அடுப்பிலேயே இறுகிவிடும். ஆகவே மாவை அளக்க வேண்டும். 200 மில்லி டம்ளரால் மாவு 4 டம்ளர், அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ. அரைக்கும்போதே ஒரு கைப்பிடி மாவு ஜவ்வரிசி சேர்த்து அரைத்தால் வடாம் கூடுதலாகப் பொரியும். தண்ணீர் மாவைப்போல் இரண்டரைப் பங்கு, 10 டம்ளர். பழைய அரிசியாக இருந்தால் இன்னும் ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் இழுக்கும். புது அரிசிக்குப் பத்தே தாராளம்.

அந்தப் பத்தில் 2 டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். மீதி எட்டையும் உப்பு, அரை ஸ்பூன் பெருங்காயத்தூள், 10 பச்சை மிளகாய் அரைத்த விழுது சேர்த்துத் தளதளவென்று கொதிக்க விட்டு, தீயைக் குறைத்து, ஒருவர் மாவை ஊற்ற இன்னொருவர் கிளற வேண்டும். தனி ஆளாகச் செய்தால் இங்கேதான் கட்டிதட்டும். மிளகாய் விழுதை வடிகட்டி ஊற்றுவது நல்லது. இல்லாவிட்டால் விதை ஒவ்வொன்றும் முறுக்கு நாழியின் அச்சு ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பிழிகிறவர் நாழியைக் கழற்றிக் கழற்றிக் குத்திக்கொண்டிருப்பதற்குள் கூழ் ஆறிப் போகும்.

வெந்ததா என்பதற்கு 'பத்து நிமிடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாத்திரத்துக்குப் பாத்திரம், அடுப்புக்கு அடுப்பு அது மாறும். சின்னத் தீயில் பதினைந்து, இருபது நிமிடம்கூட ஆகலாம். பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல. பச்சை மாவின் வெள்ளை நிறம் போய்க் கூழ் கண்ணாடி போலப் பளபளக்க வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டக்கூடாது. இதை அவசரப்படுத்தினால் தண்டனை மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்: காய்ந்த வடாம் தொட்டால் நொறுங்கும், எண்ணெயில் போட்டால் பூக்காமல் அடியிலேயே கிடக்கும். நன்றாக வெந்த மாவில் கொஞ்சம் ஈரம் பிடித்து நிற்கும். அந்த ஈரம் கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகி உப்ப வைப்பதுதான் வடாம் பொரிவது. வேகாத மாவுக்கு உப்பவே தெரியாது.

அடுத்து உப்பு. 10 டம்ளர் தண்ணீரும் அரைக் கிலோ மாவும் சேர்ந்தால் கூழ் இரண்டரைக் கிலோ இருக்கும். காய்ந்த பிறகு அறுநூறு கிராம்கூடத் தேறாது. தண்ணீர்தான் போகிறதே தவிர உப்பு போவதில்லை, ஆக உப்பு நாலு மடங்கு ஏறிவிடும். கூழை ருசி பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று இறக்கினால் வடாம் நிச்சயம் கரிக்கும். மேலே சொன்ன அளவுக்குத் தூள் உப்பு தலைதட்டி 2 டீஸ்பூன், 12 கிராம் போதும். கூழாக வாயில் வைத்தால் சப்பென்றுதான் இருக்கும், இருக்கட்டும். காரமும் இப்படித்தான், கூழில் உறைக்காத காரம் வடாமில் உறைக்கும்.

எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து 'மேலும் ஐந்து நிமிடம் கொதிக்க விடவும்' என்று வந்திருப்பது தப்பு. புளிப்பு சேர்ந்து கொதித்தால் மாவின் பிசுபிசுப்பு உடைந்து கூழ் இளகும், சாறும் கசக்கும். இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தபின் இரண்டு பழத்தைப் பிழிந்து கிளறினால் போதும்.

பிழிவதையும் அந்த இளஞ்சூட்டிலேயே முடிக்க வேண்டும். முழுக்க ஆறினால் இறுகி அச்சில் அறுந்து அறுந்து விழும். மீதிக் கூழை ஈரத்துணி போட்டு மூடி வைக்கவேண்டும், மேலே ஆடை படிந்தால் அதுவும் அச்சை அடைக்கும். பிழியும் துணி பழைய பருத்தி வேட்டியாக இருக்கட்டும். சோப்பு வாசனை போக வெறும் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு விரித்து நாலு மூலையிலும் கல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டில் சுலபமாக உரிந்து வரும் என்பது உண்மைதான், ஜவ்வரிசி வடாமுக்கு அது பரவாயில்லை. பிழிந்த வடாமுக்குத் துணிதான். ஈரம் கீழேயும் இறங்கும், அடிப்பக்கம் வியர்க்காது.

காலை எட்டு மணிக்குள் பிழிந்துவிட்டால் சாயங்காலம் துணியோடு சுருட்டலாம். மறுநாள் துணியைத் திருப்பிப் போட்டு, முதுகில் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் வடாம் முழுசாகக் கழன்று வரும். தண்ணீர் தெளிக்காமல் பிய்ப்பவர்தான் துணியில் பாதியும் கையில் பாதியுமாக நிற்பார். பிறகு முறத்தில் பரப்பி இன்னும் இரண்டு வெயில். ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் கேட்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள். புதுக் காக்கைக்கு அது பலிக்கும். இரண்டாம் நாள் அதே குடையின் மேல் வந்து உட்காரும். நிழலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுதான் ஒரே வழி.

ஜவ்வரிசி வடாமுக்கு எந்த ஜவ்வரிசி என்பதையே சொல்லவில்லை. சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசி கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். மாவு ஜவ்வரிசி வெந்தால் கரைந்து கூழாகும். நைலான் ஜவ்வரிசி முத்து முத்தாகவே நிற்கும். முத்து தெரிய வேண்டுமென்றால் நைலான் வாங்க வேண்டும். ஒரு டம்ளருக்கு 5 டம்ளர் தண்ணீர், அதிலேயே ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் அடுப்பில் ஏற்றினால், முத்து எல்லாம் தெளிந்து நடுவில் வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், சூட்டிலேயே மீதி வேகும். பொட்டும் மறைகிற வரை விட்டால் பசை ஆகிவிடும். ஊற்றினால் ஓடிப் பரவி, காய்ந்ததும் காகிதம் போலக் கிழியும்.

கடலை உருண்டைக் குறிப்பில் 'பாகு பதம் வந்ததும் இறக்கவும்' என்கிறீர்கள். எந்தப் பதம்? நூலாக இழுபடும் கம்பிப் பாகில் கடலையைக் கொட்டினால் உருண்டை பிடிக்கலாம், மறுநாள் பிசுபிசுத்துப் பல்லில் அப்பும். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை அரைக் கிலோவுக்கு வெல்லம் 300 கிராம், தண்ணீர் கால் டம்ளர். வெல்லம் கரைந்ததும் ஒருமுறை வடிகட்டி மண்ணை நீக்கிவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். முதலில் கரையும், பிறகு மெத்தென்று உருளும், அதற்குப் பிறகு கெட்டியாக உருளும். அந்த உருண்டையைத் தாம்பாளத்தில் போட்டால் 'ணங்'கென்று ஒலிக்க வேண்டும், கடித்தால் ஒட்டாமல் உடைய வேண்டும். அதுதான் பதம். மெத்தென்ற உருண்டைக்கும் ணங்கென்ற உருண்டைக்கும் நடுவே நேரம் அதிகம் இல்லை. கடலை அளந்து பக்கத்திலேயே இருக்க வேண்டும், அப்போது போய்ப் புடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்னும் தாண்டினால் பாகு கசக்கும், அதற்கு மருந்து கிடையாது. உருட்டும்போது கைக்கு நெய்யைவிட அரிசி மாவு நல்லது. உருண்டை பிடிப்பதற்குள் இறுகிவிட்டால் பாத்திரத்தை மறுபடி சின்னத் தீயில் அரை நிமிடம் வைத்தால் இளகும்.

வீட்டில் செய்வதெல்லாம் சிக்கனம் என்று எழுதுவதும் சரியில்லை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் கால் கிலோ கடலை மிட்டாய்க்காக இந்தப் பாடு வேண்டியதில்லை. கோவில்பட்டி மிட்டாயே வாங்கிச் சாப்பிடலாம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. வடாமும் மோர் மிளகாயும் அப்படியல்ல. செலவில் பெரும்பங்கு வெயில், அதற்கு விலையில்லை.

மோர் மிளகாய்க்கு அரைக் கிலோ பச்சை மிளகாய், அரை லிட்டர் நன்றாகப் புளித்த கெட்டி மோர், கல்லுப்பு 50 கிராம். காம்பை எடுக்கக்கூடாது. நடுவில் ஒரு அங்குலத்துக்குக் கீறிவிட வேண்டும், கீறாத மிளகாயில் மோர் இறங்காது, எண்ணெயில் வெடிக்கவும் செய்யும். ராத்திரி மோரில், பகலில் தட்டில். மோர் முழுக்கக் குடித்து முடியும் வரை இதே வேலை. வடாமுக்குச் சொன்ன உப்புச் சிக்கனத்தை இங்கே காட்டினால் மிளகாய் கொழகொழத்து நாறிவிடும்.

கைவேலைப் பகுதியைப் பற்றி ஒரு மனத்தாங்கல். காலி பாட்டிலுக்கு ஜிகினா, பசைத் துப்பாக்கி, சாட்டின் ரிப்பன், முத்துச்சரம் வாங்கி ஒட்டச் சொல்வது சிக்கனத்தில் சேராது. காசு கொடுத்து வாங்கியதை எல்லாம் குப்பையின் மேல் ஒட்டி, மூன்று மாதத்தில் அதையும் குப்பையில் போடுவதுதான் அது. நைந்த பருத்திப் புடவையில் மிதியடி பின்னுவதைப் போட்டிருக்கலாம்.

ஒரு புடவை ஐந்தரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 45 அங்குல அகலம். கரையை வெட்டி எடுத்துவிட்டு, அகல ஓரத்தில் 4 அங்குலத்துக்கு ஒரு சிறு வெட்டு கொடுத்து நீளவாக்கில் கிழித்தால் பருத்தி நூல் ஓட்டத்திலேயே நேராகக் கிழியும். அதற்குமேல் கத்தரிக்கோல் வேண்டாம். பத்துப் பட்டை கிடைக்கும், மொத்தம் 55 மீட்டர். மூன்று இழையாகப் பின்னினால் இழைக்குப் பதினெட்டு மீட்டர். பின்னலில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கி 12 மீட்டர் சடை வரும். சடை ஓர் அங்குல அகலம் இருந்தால் இரண்டடி வட்ட மிதியடிக்கு 11 மீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு புடவைக்கு ஒரு மிதியடி, கணக்கு சரியாக இருக்கும்.

பட்டையோடு பட்டையைத் தைத்து நீட்ட வேண்டாம், முடிச்சும் வேண்டாம். இரண்டு நுனியிலும் பொத்தான் துளை போல ஒரு கீறல். புதுப் பட்டையின் துளையுள்ள நுனியைப் பழையதன் துளைக்குள் நுழைத்து, புதுப் பட்டையின் மறு நுனியை அந்தப் புதுப் பட்டையின் துளை வழியாகவே இழுத்தால் தட்டையாகப் பூட்டிக்கொள்ளும். ஆரம்பிக்கும்போதே மூன்று இழையையும் வேறு வேறு நீளத்தில் வைத்துக்கொண்டால் மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் விழுந்து புடைக்காது.

சுருட்டித் தைக்கும்போதுதான் பலர் கெடுப்பது. மடியில் வைத்துத் தைத்தால் மிதியடி கிண்ணம் போலக் குழியும். தரையில் தட்டையாக வைத்து, கோணி ஊசியும் கெட்டி நூலும் கொண்டு, பக்கத்துப் பக்கத்துச் சடையின் வளையத்துக்குள்ளாக மட்டும் ஊசியை ஓட்ட வேண்டும். சடையை இழுத்துப் பிடித்தால் குழியும், ரொம்பத் தளர்த்தினால் ஓரம் அப்பளம் போல நெளியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, குழிந்திருந்தால் அந்தச் சுற்றை மட்டும் பிரித்துத் தைத்தால் போதும், விட்டால் கடைசி வரை தொடரும். எடுத்து வைத்த கரையைக் கடைசிச் சுற்றுக்குப் போர்த்தித் தைத்தால் ஓரம் நையாது. நைலக்ஸ், பாலியெஸ்டர் புடவை இதற்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் வழுக்கும். பருத்தியும் டைல்ஸில் நகரத்தான் செய்யும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி அடியில் நாலு இடத்தில் தைத்துவிட வேண்டும்.

இரண்டு வேண்டுகோள். எலுமிச்சைச் சாறு பற்றிய திருத்தத்தை அடுத்த இணைப்பிலேயே போட்டுவிடுங்கள், அந்தக் குறிப்பை வெட்டி வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். வடாம் பக்கத்தை அடுத்த வருஷம் மாசிக் கடைசியில் போடுங்கள். இப்போது வைகாசி, மதியம் வரை வெயில் அடித்துவிட்டு மூன்று மணிக்குக் காற்றும் மழையுமாக வருகிறது. பிழிந்த வடாமைத் துணியோடு வாரிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவர்கள் உங்கள் பத்திரிகையைத்தான் திட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்