கதவில் ஒட்டிய எண் போதாது: நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களுக்கும் உயிர்ப்பாதுகாப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நுண்ணுயிரியலாளர். படிப்பு முடித்த உங்கள் மாணவர்கள் எங்களைப் போன்றவர்களிடம்தான் வேலைக்கு வருகிறார்கள். கிருமிகளை ஆபத்தின் அளவுப்படி பிரிக்கும் இடர்க் குழுக்கள் நான்கையும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். காசநோய்க் கிருமி எந்தக் குழு என்றால் உடனே மூன்று என்கிறார்கள். சரி, அப்படியானால் சளியை நுண்ணோக்கியில் பார்க்க ஸ்லைடு போடவும், கதவில் மூன்று என்று ஒட்டிய, பாதுகாப்பு கூடுதலான மூன்றாம் நிலை ஆய்வகம் வேண்டுமா என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

வேண்டாம். நல்ல காற்றோட்டமுள்ள அறையில் முறையாகச் செய்தால் மேசையிலேயே ஸ்லைடு போடலாம். அதே கிருமியை வளர்த்து மருந்து எதிர்ப்புச் சோதனை செய்யும்போதுதான் கதை மாறுகிறது. கிருமியின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியிருக்கும். குழாயைக் குலுக்கினாலும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினாலும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக உயிர்ப்பாதுகாப்புக் கையேடு, 2020இல் வந்த நான்காம் பதிப்பில் இதைத்தான் வலியுறுத்துகிறது: குழு எண்ணைப் பார்த்து அப்படியே ஆய்வக நிலையை முடிவு செய்யாமல், கிருமி, செய்யும் வேலை, செய்கிற ஆள் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

ஆளை ஏன் பார்க்க வேண்டும்? 2009இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பிளேக் கிருமி தொற்றி இறந்தார். அவர் கையாண்டது வீரியம் குறைக்கப்பட்ட வகை. உடலிலிருந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும் திறன் அதற்குக் குறைவு, அதனால் பெரிய ஆபத்தில்லை என்றே கருதப்பட்டது. ஆனால் அவருக்கு உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் கோளாறு இருந்தது. அது இறந்த பிறகுதான் தெரியவந்தது. கிருமியின் குறையை அந்த இரும்பே ஈடுகட்டியிருக்கலாம் என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள்.

நம் ஊருக்கே வருவோம். மெலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்றை உண்டாக்கும் கிருமி ஈர மண்ணிலும் நெல்வயலிலும் வாழ்வது. சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும். நோயாளியின் ரத்தத்தை வைத்துக் கிருமி வளர்க்கும் கல்ச்சரில் வரும்போது நெற்றியில் குழு எண்ணை எழுதிக்கொண்டு வருவதில்லை. ஆய்வகத்தில் அடிக்கடி பார்க்கும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஏதோ ஒன்று என்று நினைத்து, கிருமி வளர்ந்த தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை முதலாண்டிலேயே நிறுத்துங்கள்.

அப்புறம், லேமினார் மேசை. எனக்கு அதிகக் கவலை இதில்தான். கிடைமட்டமாகக் காற்று வீசும் மேசையில், வடிகட்டிய காற்று தட்டின் மேல் பட்டு நேரே மாணவியின் முகத்துக்கு வருகிறது. தட்டில் தூசு விழாது, உண்மைதான். ஆனால் தட்டில் இருப்பதெல்லாம் அவள் மூச்சுக்குள் போகும். கிருமி வளர்க்கும் ஊடகத்தைத் தட்டில் ஊற்ற அது நல்ல மேசை. நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை அதில் திறக்கவே கூடாது, அதற்கு வேலை செய்யும் ஆளையும் காக்கும் இரண்டாம் வகுப்புப் பாதுகாப்பு கேபினெட் வேண்டும். அதையும் வாங்கிவைத்தால் மட்டும் போதாது. வருடத்துக்கு ஒருமுறை ஃபில்டரையும் காற்றின் வேகத்தையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். கிருமி செத்ததா என்பதை அறிய, சூட்டைத் தாங்கும் பாக்டீரியா வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்போர் சோதனை வையுங்கள்.

மரபணு மாற்ற ஆய்வு என்றால் உங்கள் உயிர்ப்பாதுகாப்புக் குழு கூடி, படித்து, கையெழுத்திடுகிறது. எம்.எஸ்சி. மாணவர் ப்ராஜெக்டுக்காக மருத்துவமனையிலிருந்து வாங்கிவரும் ஐசோலேட்டுகள், அதாவது நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிகள், பல இடங்களில் யார் பார்வைக்கும் வராமலே இன்குபேட்டருக்குள் போய்விடுகின்றன. அவற்றையும் குழுவின் முன் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாணவரிடமும் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்கினால் போதும்: என்ன கிருமி, எங்கிருந்து வந்தது, எந்தக் கட்டத்தில் துளி தெறிக்கும், கையில் ஊசி குத்திவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். வரும் ப்ராஜெக்ட் பருவத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு மருத்துவமனை நுண்ணுயிரியலாளர்