ஃபேக்டரி ரீசெட் பழைய பதிப்பைத் திருப்பித் தராது

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ வந்ததும் உடனே ஏற்றிவிடுங்கள், போன் மந்தமானால் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதுபோல ஆக்குவது) செய்துகொள்ளலாம் என்று சென்ற இதழின் தொழில்நுட்பப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். நான்கைந்து ஆண்டுப் பழைய போனை வைத்திருப்பவர்களை இந்த யோசனை வீண் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ரீசெட் செய்தால் பழைய பதிப்பு வந்துவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். வராது. அழிவது நம் தரவும் நாம் நிறுவிய செயலிகளும்தான்; புதிய பதிப்பு அப்படியே இருக்கும். இன்னொரு இழப்பும் உண்டு. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளுக்கென்று எழுதப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ ஆண்ட்ராய்டு 14 விடாது. முன்பே போனில் இருந்தவை அப்கிரேடுக்குப் பிறகும் தங்கும், ஆனால் ரீசெட்டில் போனால் போனதுதான். பிழைதிருத்தம் நின்றுபோன பழைய அகராதிகளையும் கருவிச் செயலிகளையும் நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்கிரேட் செய்த முதல் சில நாட்கள் போன் சூடாவதும் சார்ஜ் வேகமாக இறங்குவதும் பெரும்பாலும் கோளாறு அல்ல. ஆண்ட்ராய்டு எல்லாச் செயலிகளையும் புதிய பதிப்புக்கேற்ப மறுபடி தொகுக்கிறது (கம்பைல் செய்கிறது). ஐபோன் தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டுகிறது, புகைப்படங்களை மீண்டும் அலசுகிறது. போன் சும்மா கிடந்து சார்ஜ் ஏறும்போதுதான் இந்த வேலைகள் அதிகம் நடக்கும். எனவே இரண்டு மூன்று இரவு சார்ஜரில் விட்டுப் பாருங்கள். ஒரு வாரமாகியும் சரியாகவில்லை என்றால் ஸ்டோரேஜ் நிரம்பிக் கிடக்கிறதா, பேட்டரி தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ரீசெட் கடைசி வழி.

பேட்டரி விஷயத்தில் கசப்பான முன்கதை இருக்கிறது. வயதான பேட்டரியில் உள்மின்தடை கூடும். சிப் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். இதைத் தடுக்க 2017-இல் ஐஓஎஸ் 10.2.1 சில ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. பொறியியல் காரணம் நியாயமானதுதான். ஆனால் பயனருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தக் குற்றத்துக்காகத்தான் 2020-இல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. கேலக்ஸி நோட் 4-இல் ஏற்றவைத்து அதை மந்தமாக்கிய அப்டேட்டுக்காக 2018-இல் இத்தாலி சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

பிடிக்காவிட்டால் திரும்பிவரலாம் என்றால் யாரும் இவ்வளவு வருந்தமாட்டார்கள். புதிய ஐஓஎஸ் வந்த கொஞ்ச காலத்திலேயே பழையதற்குக் கையொப்பமிடுவதை (நிறுவ டிஜிட்டல் ஒப்புதல் தருவதை) ஆப்பிள் நிறுத்திவிடும்; கையொப்பமில்லாததை ஐபோன் ஏற்காது. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பும் பழைய பதிப்பில் ஏறாது. ஆண்ட்ராய்டில் பழைய பதிப்பை ஏற்றுவதற்காகப் பூட்லோடரை (போனை இயக்கத் தொடங்கும் மென்பொருளின் பூட்டை) திறந்தால் தரவெல்லாம் அழியும், சில வங்கிச் செயலிகள் அதன்பின் ஓட மறுக்கும். ஓட்டையுள்ள பழைய பதிப்பைத் திருடன் ஏற்றிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு இது என்பது புரிகிறது. அப்படியானால் பாதுகாப்புத் திருத்தத்தையும் புது வசதிகளையும் பிரித்துத் தரட்டும். முடியாத காரியமல்ல: 2021-இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, 14-இலேயே இருந்து பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற வழி விட்டார்கள். சில மாதங்களில் அதையும் மூடிவிட்டார்கள். பல ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் போனையே வாங்கிவரும் வாடிக்கையாளருக்குச் செய்கிற மரியாதை இதுவல்ல.

அதுவரை, தானாக நிறுவும் வசதியை அணைத்து வையுங்கள். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தவறவிட வேண்டாம். பெரிய பதிப்பென்றால் முதல் பிழைதிருத்தம் வரும்வரை பொறுத்திருந்து, கணினியில் முழு பேக்கப் எடுத்து, ஓடிபி உருவாக்கும் செயலிகளோடு இணைத்த கணக்குகளின் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிவைத்த பிறகே ஏற்றுங்கள்.

அடுத்த முறை புதிய பதிப்பைப் பாராட்டி எழுதும்போது, எந்த ஆண்டு போனில், எவ்வளவு ரேமில் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்