ரோபோ ஆண்டு: மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, நம் அறிவியல் வாசகர் மன்றம் இந்த ஆண்டு முழுவதும் ரோபோவைப் பற்றியே பேசியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பணத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

முதலில் கதைகள். ரோபோ என்ற பெயரை உலகுக்குத் தந்த, 1921இல் அரங்கேறிய காரெல் சாப்பெக்கின் செக் நாடகத்தைச் சேர்ந்து வாசித்தோம். இரும்பு மனிதனை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். அதில் வரும் ரோபோக்கள் உலோகமே இல்லை. செயற்கைச் சதையைத் தொட்டியில் பிசைந்து தொழிற்சாலையில் செய்த கூலியாட்கள். கடைசியில் அவர்கள் மனித குலத்தையே ஒழித்துக்கட்டுகிறார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிறைமாதமாக இருந்த விசயையைச் சுமந்து பறந்து சுடுகாட்டில் இறக்கிய பொறி அது. அதுவும் ரோபோதானா என்ற வாதம் கூட்டம் முடிந்த பிறகும் ஓடியது. ஓட்ட ஆள் வேண்டுமென்றால் அது வாகனம்தான் என்பது என் கட்சி. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் தொழிற்சாலை. 1961இல் அமெரிக்கக் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த யூனிமேட் என்ற ரோபோவுக்கு முகமும் கிடையாது, காலும் கிடையாது. சூடான வார்ப்புப் பாகங்களை எடுத்து வைக்கும் ஒற்றைக் கை, அவ்வளவுதான். மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது போல ரோபோக்களுக்கென்று 1942இல் எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தன் சிறுகதையில் எழுதிய மூன்று விதிகள் இந்த மாதிரி இயந்திரங்களுக்குள் இருக்கின்றனவா என்று ஒருவர் கேட்டார். இல்லை. சுற்றிலும் ஒரு வேலி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்பு பட்டன், இவைதான் அங்கே விதி. வேலை பறிபோகுமா என்ற விவாதம் சூடாக நடந்து, முடிவில்லாமல் கலைந்தது. குறிப்பேட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி சிறுவர்களுக்கான பயிற்சிதான். வெள்ளை அட்டையில் ஒட்டிய கருப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் சின்ன வண்டி ஒன்றைச் செய்தார்கள். அதன் அடியில் உள்ள சென்சார் அகச்சிவப்பு ஒளியை வீசும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கருப்பு விழுங்கிவிடும். ஜன்னலோரம் வந்ததும் வண்டி கோட்டை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, சென்சார் குழம்பிவிட்டது. "அதுக்கு வெயில் பிடிக்கலை" என்றாள் ஒரு சிறுமி. திரையை இழுத்துவிட்டதும் வண்டி ஒழுங்காக ஓடியது. அவளிடம் காரணத்தை விளக்கினோம். தலையாட்டிவிட்டு, "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள்.

பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூளை ஆய்வாளர் கிரே வால்டர் 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செய்த ஆமை ரோபோக்களுக்கு இருந்தது ஒரு ஒளி உணரி, ஒரு தொடு உணரி, கொஞ்சம் மின்சுற்று மட்டுமே. பார்த்தவர்களோ அவற்றைப் பற்றி உயிருள்ளவை போலவே பேசினார்கள். செவ்வாயில் 90 நாள் உழைத்தால் போதும் என்று 2004இல் இறங்கிய நாசாவின் ரோபோ வண்டி ஆப்பர்ச்சூனிட்டி 14 ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 2018இன் புழுதிப் புயலில் மௌனமானது. "பேட்டரி குறைகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது" என்ற அதன் கடைசிப் பேச்சைப் படித்துப் பலர் கண் கலங்கினார்கள். அது அனுப்பியது மின்சக்தியும் வானத்தின் மங்கலும் எவ்வளவு என்று காட்டும் தரவுகளைத்தான். வாக்கியமாக்கியவர் ஒரு பத்திரிகையாளர். கதைகள் நம்மை ரோபோவின் கோபத்துக்குப் பயப்படப் பழக்கின. அதைவிட, இவ்வளவு சுலபமாக அதன் மேல் பாசம் வைக்கும் நம் குணத்தைத்தான் கவனிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. செயற்குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை.

அடுத்த ஆண்டுக்கும் இதே பொருளைத் தொடரலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. பயிற்சிக்கென்று வீட்டுக்கு எடுத்துப்போன சால்டரிங் அயர்ன்களை உறுப்பினர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்