வால்வுக்கும் வாஷருக்கும் பட்ஜெட்ல தனியா ஒரு வரி எழுதுங்க

சேலம் மாமன்ற உறுப்பினர்கள் 60 பேருக்கும் வணக்கமுங்க.

பட்ஜெட் இறுக்கம்னா எனக்கும் புரியுது, சம்பளம் பென்ஷன் கரண்ட் பில்லுன்னு போக கையில நிக்கறது கொஞ்சந்தான். ஆனா எதைக் குறைக்கலாம்னு உக்காந்தா முதல் வெட்டு பராமரிப்புக்குத்தான் விழும், ஏன்னா வால்வு மாத்தறதுக்கு கல்வெட்டும் கிடையாது பொன்னாடையும் கிடையாது.

நாம குடிக்கிற காவிரி தண்ணி மேட்டூர்ல இருந்து தானா ஓடி வரலைங்க, மோட்டார் வெச்சு ஏத்தி, சுத்திகரிச்சு, குளோரின் போட்டு, டேங்க்ல நிரப்பித்தான் குழாய்க்கு வருது. அப்ப பூமிக்கடியில கசியறது வெறும் தண்ணியா? அதோட கரண்ட் பில்லும் சேந்துதான் கசியுது. புது டேங்க் கட்ட எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு டேங்க்ல இருந்தும் எவ்வளவு விட்டோம், தெருவுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு மீட்டர் வெச்சுப் பாத்தா ஓட்டை எந்தப் பக்கம்னு தெரிஞ்சிரும்.

எங்க வீடு அம்மாப்பேட்டை தறிக்காரங்க வீடு. அப்பா கடன் வாங்கி தறி போட்டவரு, ஆனா எண்ணெய்க்கு மட்டும் கடன் சொல்ல மாட்டாரு, அதுக்குன்னு ஒரு டப்பால சில்லறை கிடக்கும், அம்மா கேட்டாக்கூட கிடைக்காது! அந்த டப்பா மாதிரி ஒண்ணுதான் கேக்கறேன். ஸ்கீம்ல வர்ற பணம் பெரும்பாலும் புது வேலைக்குன்னே வரும், கட்டினதை ஓட்டறது நம்ம வீட்டு வரியும் தண்ணி வரியுந்தான், அதுல பராமரிப்புக்குன்னு ஒரு பங்கைத் தனியா எடுத்து வெச்சுருங்க.

சாக்கடை தூர் வாரறதும் அப்படித்தான். சேர்வராயன் மலையில நல்லா அடிச்சா திருமணிமுத்தாறு ஊருக்குள்ளதான வந்தாகணும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பம், ஆகஸ்ட்லயே வேலை முடியணும், வாரின மண்ணை அன்னைக்கே லாரில ஏத்திரணும், கரையிலயே விட்டா அடுத்த மழைக்கு அது மறுபடி உள்ள போயிரும், ஒரே மண்ணுக்கு ரெண்டு தரம் கூலி.

தூய்மைப் பணியாளர் கையுறையில மிச்சம் புடிக்காதீங்க, அது மிச்சமே இல்ல.

ஜனங்க பக்கமும் தப்பு இருக்குங்க. 2022ல வீட்டு வரி ஏத்தினப்ப 600 சதுர அடிக்குள்ள இருக்கற வீட்டுக்கு 25 சதவீதம், 1800க்கு மேல 100 சதவீதம்னு அளவு பாத்துத்தான் ஏத்தினாங்க. அரையாண்டு ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை வேற, அப்படியும் கடைசி வரைக்கும் இழுக்கறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

அவங்ககிட்ட நான் பேசறேன், நீங்க வார்டு கமிட்டில ஒரே ஒரு தாள் ஒட்டுங்க: இந்த வார்டு பராமரிப்புக்கு ஒதுக்கினது இவ்வளவு, செலவானது இவ்வளவு, எந்தெந்த தெருவுல. கையெழுத்துல எழுதினாலும் பரவால்ல.