துளை போட்டவனின் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் கூட்டம் அலைமோதும் கோடையில் கோல்ஃப் மைதானத்தின் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்புகளில், துளை போட்டு மணலைக் கொட்டியிருப்பதைக் கண்டித்த தங்கள் கட்டுரையாளர், ‘இந்த வேலையைக் குளிர்காலத்தில் செய்தால் ஆகாதா?’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தார். பதினெட்டு ஆண்டுகளாக அந்தத் துளைகளைப் போட்டுவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆகாது.

எங்கள் கிரீன்களில் இருப்பது பெர்முடா, அதாவது அருகம்புல்லின் கலப்பினம் என்பது தாங்கள் அறியாததல்ல. வெயிலில் தழைத்துக் குளிரில் உறங்கும் புல் அது. கோடையில் போட்ட துளை இரண்டு மூன்று வாரங்களில் மூடிவிடும். குளிரில் போட்டால் மாதக்கணக்கில் வாய் பிளந்து கிடக்கும். குளிர்ப் பகுதிகளுக்குரிய பென்ட் புல்லாக இருந்தால் கணக்கே வேறு. அதற்குக் கோடைதான் ஆகாத காலம். துளை போடும்போது உருவிய மண்ணுருளை ஒன்றைக் கட்டுரையாளர் உள்ளங்கையில் வைத்து உடைத்துப் பார்த்திருக்கலாம். மேலே கறுத்த பஞ்சுபோல மக்காத தண்டும் வேரும், கீழே ஆட்கள் மிதித்து மிதித்து இறுகிய மண். போன ஆண்டுத் துளையில் நிரப்பிய மணல் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கியிருக்கும். அருகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்துகிறோம், அந்த அருகுக்கே வேரோட இடம் வேண்டாமா?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பொருமுறை, உச்சி வெயிலில் ரப்பர் குழாயுடன் நின்ற எங்கள் ஊழியரைப் படம் பிடித்துத் தண்ணீர் வீணாவதாக எழுதினீர்கள். மணல் முற்றிலும் காய்ந்துவிட்டால் சில திட்டுகளில் நீரே இறங்காமல் வழிந்தோடும். அந்தத் திட்டுகளை மட்டும் தேடிக் கையால் நனைப்பது, மைதானம் முழுக்கத் தெளிப்பானைத் திறந்துவிடாமல் இருப்பதற்காகத்தான். அதற்கும் முந்தைய ஆண்டு, தொலைக்காட்சிப் போட்டிகளில் காணும் வேகத்தில் எங்கள் கிரீன்களில் பந்து ஓடவில்லை என்று குறைப்பட்டீர்கள். 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் கிரீனில் பந்து ஓடும் வேகத்தை அளக்க உருவாக்கிய அளவுகோல் ஒரே மைதானத்தின் கிரீன்களைச் சீராக வைத்துக்கொள்ள உதவும் கருவி; ஊரோடு ஊரைப் போட்டிக்கு நிறுத்துவதற்கு அல்ல. மூன்று மில்லிமீட்டரில் வெட்டும் புல்லை இன்னும் அரை மில்லிமீட்டர் குறைத்தால் பந்து ஓடும்தான். ஆனால் இலை குறைந்தால் வேரும் குறுகும்; அடுத்த நெருக்கடி வாரத்தில் மஞ்சளாகக் கிடக்கும் புல்லைப் பற்றியும் தாங்களே எழுதுவீர்கள்.

விடியலில் பனி உலரும் முன் வெட்டி முடித்து, மிதிபடும் இடம் மாறட்டும் என்று பந்தைத் தள்ளும் குழியையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிவிடுவதால், நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றுகிறதோ என்னவோ.

மறுப்பு வெளியிடக் கேட்கவில்லை. விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் இரண்டு வரி போதும்: பந்து விழுந்த பள்ளத்தைக் கவைக்கருவியால் அடியிலிருந்து நெம்பித் தூக்காதீர்கள், வேர் அறுந்துவிடும், சுற்றிலும் உள்ள புல்லை நடுவை நோக்கித் தள்ளிவிட்டு, பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டையான பட்டரின் அடிப்பகுதியால் மெல்லத் தட்டிச் சமன்செய்யுங்கள். தங்கள் கட்டுரையாளரும் விளையாடுபவர் என்று கேள்வி. அவரும் படித்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோல்ஃப் மைதானப் புல் பராமரிப்பாளன்