தென்னைக்கு நடுவே உளுந்து

பட்டுக்கோட்டை
திங்கட்கிழமை

அன்புள்ள மல்லிகா,

எழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே. வலக்கை இன்னும் பேனாவுக்குப் பணியவில்லை. இது இடக்கை எழுதுவது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் என் கையெழுத்தைப் பார்த்துப் பொருமுவாயே, இப்போது திருப்திதானே?

உன் வீட்டுக்காரர் போன துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் "மனதைத் தேற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்று எழுதியிருந்தாய். என் வீட்டுக்காரர் போனபோது இங்கும் அதே வசனம்தான். எப்படித் தேற்றிக்கொள்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நீயும் அதைத்தான் கேட்கிறாய்.

மறு வருடமே எனக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பெரும்பாலோருக்குப் பேச்சும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறதாம். அதனால் வலக்கை, வலக்காலோடு வாயும் போயிற்று. அறிவு எங்கும் போகவில்லை. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் வேறு ஏதோ ஒலி வந்தது. மருமகள் தட்டு, போர்வை, மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். நான் தலையை ஆட்டுவேன். பார்க்க வந்தவர்களோ, காது கேளாதவளிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். உறவுக்காரர் ஒருவர் கட்டிலருகிலேயே நின்று, "இனி இவ்வளவுதான்" என்றார். அவரைத் திட்டக் கூட முடியவில்லையே என்றுதான் அன்று அழுதேன்.

பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் ஒரு நாள், "டீச்சர், ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்கள்" என்றாள். நம்பமாட்டாய். ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு என்று தொடங்கி, ஏழேழு நாற்பத்தொன்பதில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிப் போனது. கிழமைகள் வந்தன. சித்திரை, வைகாசி வந்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை! மனப்பாடமான வரிசைகளும் பாட்டும் வேறு வழியாக வருபவை என்று அவள் விளக்கினாள். செத்த செல்கள் பிழைக்கமாட்டா. மிச்சமிருப்பவை அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் திரும்பத் திரும்பச் செய்தால்தான். இதைத்தானே நாம் காலமெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னோம்.

பிறகு இடக்கையால் தொடையில் தட்டிக்கொண்டே, தாலாட்டு மெட்டில் இழுத்து இழுத்துத் தண்ணீர் கேட்டுப் பழகினேன். பேரன் உருண்டு உருண்டு சிரித்தான். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் உடற்பயிற்சி தர வீட்டுக்கே ஒருவர் வந்தார். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து தருவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது திண்ணைக்கும் கொல்லைக்கும் துணையில்லாமல் நடக்கிறேன்.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் உனக்கு நினைவிருக்கும். 16-ஆம் தேதி விடிந்தபோது தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம். அவர் பல நாள் யாரிடமும் பேசவில்லை. அரசு மரத்துக்கு 1100 ரூபாய் தந்தது, அதில் 500 விழுந்ததை அப்புறப்படுத்துவதற்கு. பிறகு ஒரு காலையில் கன்று வாங்கப் புறப்பட்டுவிட்டார். நெட்டை ரகம் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகுமே என்றேன். "25 அடிக்கு ஒரு கன்று, நடுவில் நிலம் சும்மாதானே கிடக்கிறது" என்று உளுந்து விதைத்தார். தென்னை காய்க்கிறபோது காய்க்கட்டும், அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா என்பது அவர் கணக்கு. பாளை வெடித்ததைப் பார்க்க அவர் இல்லை. அந்த உளுந்தை இரண்டு வருடம் இட்டிலிக்கு அரைத்தோம்.

எனக்கும் அப்படித்தான் நாள் நகர்ந்தது. அவர் இல்லாதது இல்லாததுதான். விடியற்காலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தால் இன்றும் தாங்க முடிவதில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வாய்ப்பாட்டோடு வருவான் என்பதால் முகம் கழுவிக்கொள்கிறேன். முதலில் அவன்தான் எனக்குப் படம் காட்டிச் சொல் சொல்லிக் கொடுத்தான். இப்போது பதினாறாம் வாய்ப்பாட்டில் என்னிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டதாக எழுதியிருக்கிறாய். உறையை எடு. எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லிவிடு. வந்து கேட்பாளே என்ற பயத்திலாவது உட்காருவாய். மனம் சரியான பிறகு தைக்கலாம் என்று காத்திருந்தால் துணிதான் மக்கிப் போகும்.

வீட்டை விற்றுவிட்டு ஓசூருக்கு வரச் சொல்லும் மகளைக் கோபிக்காதே. அவளுக்கும் அப்பா போய்விட்டார். தலைத் திவசம் முடியட்டும் என்று சொல். வேண்டுமானால் ஒரு மாதம் போய் இருந்து பார். சாவி மட்டும் உன் இடுப்பிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. துக்க வீட்டில் முதலில் மறந்துபோவது மாத்திரைதான். உனக்கும் ரத்த அழுத்தம் உண்டு; பக்கவாதத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை. வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால், படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று இருந்துவிடாதே. உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஞாயிறு காலை போன் செய்கிறேன். என் பேச்சு நின்று நின்றுதான் வரும். நடுவில் நீயாகச் சொல்லை எடுத்துக் கொடுக்காதே, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். காத்திரு, வந்துவிடும்.

அன்புடன்,
சரோஜா